உப்புக்காற்றில் உழைக்கும் பயணப்பை

டஃபிள் பை என்ற பெயரில் விற்கப்படும் உருளை வடிவப் பயணப்பைக்குச் சட்டமும் இல்லை, சக்கரமும் இல்லை. துணி, அதன் உட்பூச்சு, ஜிப், தையல், தோள்பட்டை: இவ்வளவுதான் பை. இவற்றில் எது முதலில் கைவிடும் என்பது பெரும்பாலும் ஊரின் காற்றைப் பொறுத்தது. உள்நாட்டு ஊர்களில் அடித்துணி தேயும்வரை உழைக்கும் பை, கோட்டக்குப்பத்தில் துணி புதுக்கருக்கு மாறாமல் இருக்கும்போதே ஜிப் இறுகிப்போய்ப் பரணுக்குப் போய்விடுகிறது.

புதுச்சேரியின் வடக்கு எல்லையை ஒட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் நகராட்சி கோட்டக்குப்பம். தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி எனக் கடலை விட்டு விலகாமலே நீளும் ஊர். அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றிலேயே வற்றி உப்புத்துகளாகிக் கரையோர வீடுகளுக்குள் வந்து படிகின்றன. சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடல் உப்போடு கலந்துவரும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். சற்று வடக்கே மரக்காணத்து உப்பளங்களில் உப்பை வாரியபின் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் செறிந்திருப்பது இந்த மக்னீசியம்தான். கல்லுப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவதற்கும் அதுவே காரணம். மழையில் ஒருமுறைகூட நனையாத பையின் ஜிப் மீதும் இரவு முழுக்க உப்புநீர்ப் படலம் இருப்பது இப்படித்தான்.

அந்தப் படலம் முதலில் தாக்குவது ரன்னரை. ஜிப்பின் பற்கள் இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக். அவற்றுக்கு உப்பால் கேடில்லை. பற்களைக் கோத்துப் பிரிக்கும் ரன்னரோ பொதுவாகத் துத்தநாகக் கலவையில் வார்த்து, மேலே மெல்லிய முலாம் பூசப்பட்டது. முலாமில் ஒரு கீறல் விழுந்தால் குளோரைடு உள்ளே இறங்கும். துத்தநாகம் அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடியாகப் பூக்கும். பொடி சேரச்சேர ரன்னர் இறுகும். பலம் கொடுத்து இழுத்தால் அதன் வாய் விரிந்துவிடும். பிறகு ரன்னர் நகரும், பற்கள் மட்டும் கோத்துக்கொள்ளாது. ‘ஜிப்பு போயிடுச்சு’ என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்த வாய் விரிந்த கதைதான்.

ஆகவே கடலோரத்துக்காரர்கள் பையைப் பார்க்கத் தொடங்க வேண்டிய இடம் ஜிப். 5, 8, 10 என்ற எண்கள் மூடிய பற்களின் அகலத்தை ஏறத்தாழ மில்லிமீட்டரில் சொல்பவை. பெரிய பையின் முதன்மை ஜிப் 8க்குக் குறையக் கூடாது, 10 நல்லது. சுருள் பல் ஜிப் வளைவுகளில் இலகுவாகத் திரும்பும், ஆனால் மணல் புகுந்தால் தேயும். தனித்தனியாக வார்த்த பருத்த பிளாஸ்டிக் பற்கள் மணலையும் உப்பையும் அதிகம் தாங்கும். கடற்கரையில் கூடாரம் போடுபவருக்கு இரண்டாவதே ஏற்றது. பித்தளைப் பற்கள் அழகு, உப்புக்காற்றில் களிம்பேறும்.

விளம்பரத்தில் முதலில் நிற்பது டெனியர் எண். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுவே டெனியர். 600 டெனியர் என்றால் 9 கிலோமீட்டர் நூலின் எடை 600 கிராம். இது நூலின் பருமனைச் சொல்லும், வலிமையைச் சொல்லாது. நூல் நைலானா பாலியெஸ்டரா, நெசவு எவ்வளவு நெருக்கம் என்பது தெரியாமல் 1680 என்ற எண்ணை மட்டும் கண்டு மயங்குவதில் பொருளில்லை. பேருந்தின் அடிப்பெட்டியிலும் சிமென்ட் தரையிலும் இழுபடும் பைக்கு நைலான் நல்லது, உராய்வைத் தாங்கும். வெயிலில் கிடக்கும் பைக்குப் பாலியெஸ்டர் மேல்: புறஊதாக் கதிரில் நைலானைவிட மெதுவாகவே நலியும், ஈரத்தையும் மிகக் குறைவாகவே உறிஞ்சும். பருத்திக் கித்தான் நனைந்தால் நூல் உப்பித் துளைகளை அடைத்துக்கொள்ளும், வலுவும் கூடும். ஆனால் உலர நாளாகும், அதற்குள் பூஞ்சணம் பிடிக்கும். இந்தக் கரைக்கு அது சரிப்படாது.

துணிக்கு உள்பக்கம் பூசிய பாலியூரித்தேன் படலம்தான் தண்ணீரைத் தடுக்கிறது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் மலிவுவகைப் பூச்சில் உள்ள எஸ்டர் பிணைப்புகள் அறுபடும். அதில் பிறக்கும் அமிலம் மேலும் அறுக்கும். சில மழைக்காலம் கழித்துப் பையைத் திறந்தால் உட்புறம் கையில் பிசுபிசுவென ஒட்டும், செதில் செதிலாக உரியும், புளித்த வாடை வரும். புதுப்பையைப் பிளாஸ்டிக் உறையோடு கட்டிப் பரணில் பத்திரப்படுத்துவது இந்த அழிவுக்கு வழிவிடும் காரியம். கடைக்காரர் பை மீது தண்ணீரை ஊற்றி முத்துமுத்தாக உருளவைத்துக் காட்டுவது வேறு விஷயம். அது வெளிப்புறத்தில் ஏற்றிய மேல்பூச்சின் வேலை, சில துவைப்புகளில் போய்விடும்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது அங்கே ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அவ்வளவு மழையில் தைத்த பை எதுவும் உள்ளே இருப்பதைக் காக்காது. ஒவ்வொரு ஊசித்துளையும் ஒரு வழி. பாலியெஸ்டர் வலையின் இருபுறமும் பிவிசி ஏற்றிய தார்ப்பாலின் துணியை, தைக்காமல் வெப்பத்தால் ஒட்டி, வாயைச் சுருட்டி மூடும் பைகளே அதற்கு ஈடுகொடுக்கும். எடை கூடுதல், ஈரத்துணியை உள்ளே வைத்தால் நாற்றம் நிச்சயம். ஆவணங்களையும் மாற்றுடையையும் எடுத்துக்கொண்டு முகாமுக்கு ஓடவேண்டிய கரையோரக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் சிறிதாக ஒன்று தேவை.

தோள்பட்டை வாயோரத்தில் மட்டும் தைக்கப்பட்டிருந்தால் அந்தப் பையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பட்டை அடிப்பாகத்தைச் சுற்றி வந்து மறுபக்கம் ஏற வேண்டும். சேருமிடத்தில் சதுரமும் குறுக்குக்கோடுகளுமாகத் தையல் இருக்க வேண்டும். வளையங்களைச் சிறு காந்தத்தால் தொட்டுப் பார்க்கலாம். ஒட்டினால் பெரும்பாலும் முலாமிட்ட இரும்பு, துருப்பிடிக்கும். ஒட்டாவிட்டால் துத்தநாகமாகவும் இருக்கலாம், பித்தளையாகவும் இருக்கலாம். கெட்டியான பிளாஸ்டிக் பக்கிள் இங்கே இரண்டையும்விட மேல்.

அளவில் ஆசை ஆகாது. 30 செ.மீ. விட்டமும் 60 செ.மீ. நீளமும் கொண்ட உருளை 42 லிட்டர் கொள்ளும். ஜவ்வாது மலைக்கோ ஏலகிரிக்கோ இரண்டு நாள் போய்வர அது தாராளம். வளைகுடாவுக்குப் போய்வருவோர் 80, 90 லிட்டர் தேடுவார்கள். ஒரே உருப்படி 32 கிலோவைத் தாண்டினால் விமான நிறுவனங்கள் பொதுவாக ஏற்பதில்லை.

கடற்கரைக்குப் போய்வந்த பையின் ஜிப்பை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, பற்கள் மீது மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், மணல் ஒட்டும். ரன்னரின் வாய் விரிந்திருந்தால் குறடால் இருபுறமும் மெதுவாக அழுத்தினால் சில மாதம் ஓடும். அதற்கும் மசியாவிட்டால் பையைத் தூக்கிப்போடாமல் பை தைக்கும் தையல்காரரிடம் கொண்டுபோகவும்: பற்கள் சரியாக இருக்கும்வரை ரன்னரை மட்டும் மாற்றினாலே பை மீண்டும் மூடும்.