சின்ன மோட்டாருக்கு எந்தப் படகு? சந்தேகங்களும் விளக்கங்களும்

2.5 எச்.பி. அவுட்போர்டு மோட்டார் வைத்திருக்கிறேன். காரில் கொண்டுபோகும்படி படகு வேண்டும். என்ன நீளம் வாங்கலாம்?

பத்து அடிக்குக் குறையாமல் பாருங்கள். தண்ணீரை விலக்கிக்கொண்டு ஓடும் படகுக்கு அதன் நீளம்தான் வேக வரம்பு. நீரில் படியும் நீளம் பத்தடி என்றால் வேகம் 4.2 நாட், அதாவது மணிக்கு எட்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதைத் தாண்ட, படகு தான் எழுப்பும் அலையின் மேலேறி நீர்ப்பரப்பில் சறுக்க வேண்டும். ஆளோடும் சாமானோடும் அப்படிச் சறுக்க வைக்க 2.5 எச்.பி.க்குத் தெம்பு போதாது. ‘பறக்கும் சார்’ என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம். சிறு மோட்டாருக்குக் கனம் குறைந்த, ஒடுங்கலான, நீளமான படகே பொருத்தம்.

காற்றடைக்கும் படகா, அலுமினியமா, ஃபைபரா?

டிக்கியில் அடங்க வேண்டுமானால் காற்றடைக்கும் படகுதான். ஆட்டம் குறைவு, புதியவர்களுக்குத் தைரியம் தரும். ஆனால் தரையைச் சோதித்து வாங்குங்கள். வெறும் மரப்பட்டிகளைக் கோத்த தரை வளைந்து நெளிந்து மோட்டாரின் பலத்தைத் தின்றுவிடும். அலுமினியப் பலகை அல்லது அழுத்தமாகக் காற்றேற்றும் தரை நல்லது. பிவிசி துணி மலிவு, ஆனால் வெயிலில் சீக்கிரம் தளரும். ஹைபலான் தாங்கும், விலை கடிக்கும். காலையில் விறைப்பாக அடித்த காற்றை, படகு உச்சிவெயிலில் கரையில் கிடக்கும்போது கொஞ்சம் இறக்கிவிட வேண்டும். எதிர்க்காற்றில் இந்தப் படகு திணறும் என்பதும் உண்மை. நம் ஏரிக்கரைகளில் இன்னொரு பகையும் உண்டு: சீமைக்கருவேல முள்.

காரின் கூரையில் கேரியர் இருந்தால் என் ஓட்டு அலுமினியத்துக்கே. தட்டையான அடிப்பாகமுள்ள பத்தடிப் படகு நாற்பது கிலோவை ஒட்டி இருக்கும். இரண்டு பேர் தூக்கிவிடலாம், முள்ளுக்கும் கல்லுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. ஃபைபர் படகு பெரும்பாலும் இதைவிடக் கனம். கரையிலேயே நிறுத்தி வைப்பவர்களுக்கு அது சரி.

மோட்டாரில் ஷார்ட் ஷாஃப்ட், லாங் ஷாஃப்ட் என்கிறார்களே?

ஷார்ட் 15 அங்குலம், லாங் 20 அங்குலம். படகின் பின்பலகை உயரத்தை அளந்து அதற்கேற்ற ஷாஃப்ட்டைத் தேர்ந்தெடுங்கள். சிறு படகுகளுக்கு ஷார்ட்தான் வழக்கம். புரொப்பல்லருக்கு மேலுள்ள தட்டு, படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழேயோ நிற்க வேண்டும். அதற்கு மேலே போனால் காற்றை இழுத்து மோட்டார் வெறுமனே அலறும். கீழே போனால் சேற்றைக் கிளறும். பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழமே ஏறத்தாழ ஒரு மீட்டர்தான்.

எத்தனை பேர் ஏறலாம்?

படகில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். தகடு இல்லையென்றால் நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15-ஆல் வகுப்பது ஒரு தோராயக் கணக்கு. பத்தடிக்கு நாலரையடி என்றால் மூன்று பேர். தனியாகப் போகும்போது வேறொரு தொல்லை. மோட்டார், பெட்ரோல், நீங்கள் எல்லாம் அமரத்திலேயே (பின்பகுதி) சேர்ந்தால் அணியம் (முன்பகுதி) வானம் பார்க்கும், வேகம் படுக்கும். மோட்டாரின் கைப்பிடியில் ஒரு துண்டு பிவிசி குழாயைச் செருகி நீட்டிக்கொண்டு நடுவில் உட்காருங்கள். நங்கூரமும் ஐஸ் பெட்டியும் முன்னால் போகட்டும்.

பரிசலில் மோட்டாரைப் பூட்டலாமா?

கூடாது. ஒகேனக்கல் பரிசல் வட்டமானது. மோட்டாரைத் தாங்கப் பலகையும் இல்லை, நேர்கோட்டில் ஓடும் வாகும் இல்லை.

அனுமதி தேவையா?

உள்நாட்டு நீர்நிலைகளில் இயந்திரத்தால் ஓடும் கலங்களுக்கு 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் பதிவும் ஆய்வுச் சான்றும் கேட்கிறது. அணை என்றால் நீர்வளத் துறையிடமும், சரணாலயம் என்றால் வனத்துறையிடமும் படகு வாங்கும் முன்பே விசாரியுங்கள். லைஃப் ஜாக்கெட், ஒரு ஜோடி துடுப்பு, தவறி விழுந்தால் மோட்டாரை நிறுத்தும் கயிறு ஆகியவற்றைப் படகு விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.