பழைய கம்ப்யூட்டருக்குப் புது கிராபிக்ஸ் கார்டு: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

நம் சங்கத்து அன்பர்கள் வீடுகளில் அநேகமாக ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கும். 2013, 2014 வாக்கில் பிள்ளைகள் படிப்புக்கென்று வாங்கியதாக இருக்கலாம். அல்லது கம்பெனிகள் கழித்துவிட்டு, இங்கே லேமிங்டன் ரோட்டிலும் டில்லி நேரு பிளேஸிலும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும் மறுவிற்பனைக்கு வந்த சரக்காக இருக்கலாம். "இதுக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டா போதும் தாத்தா, புது மெஷின் மாதிரி ஓடும்" என்று பேரப்பிள்ளைகள் சொல்கிறார்கள். அதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அகராதிக்காரர்கள் இதை வரைகலை அட்டை என்கிறார்கள். நல்ல சொல்தான். ஆனால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலேயே போய் வரைகலை அட்டை கேட்டால், கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற கடைக்கு வழி காட்டுவார்கள். ஆகவே கடையில் வழங்கும் பெயரையே எழுதுகிறேன்.

சாதாரண 1920க்கு 1080 திரையில் ஏறக்குறைய 20 லட்சம் புள்ளிகள் உண்டு. நொடிக்கு 60 தடவை அத்தனை புள்ளிகளையும் புதுப்பிக்க வேண்டும். பழைய மெஷின்களில் பிராசசருக்குள்ளேயே ஒரு சின்னப் பகுதி, பொது ராமிலிருந்து இடம் கடன் வாங்கி இந்த வேலையைச் செய்கிறது. கிராபிக்ஸ் கார்டு என்பது இதற்கென்றே தனி ஆட்களும் தனிக் கிடங்கும் வைத்த தனிக்கடை. முப்பரிமாண வரைபடம், வீடியோ எடிட்டிங், விளையாட்டு, 4கே திரை, புது வகையில் சுருக்கி வரும் வீடியோக்கள் இவற்றுக்கெல்லாம் கார்டு நிச்சயம் உதவும்.

மெஷின் திறக்கவே அஞ்சு நிமிஷம் ஆகிறது, டேலி மெதுவாக வருகிறது என்றால் அது வேறு நோய். அதற்கு மருந்து எஸ்.எஸ்.டி.யும் கூடுதல் ராமும்தான். கார்டில் போடும் பணம் வீண். அதேபோல, விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால் இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும். எந்தக் கார்டைச் செருகினாலும் இது மாறாது. அப்படிப்பட்டவர்கள் லினக்ஸுக்குப் போவதா, புது மெஷினா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளட்டும்.

சரி, கார்டுதான் வேண்டும் என்று தீர்மானமாகிவிட்டது. எல்லாரும் கார்டின் விலையைத்தான் முதலில் கேட்கிறார்கள். நான் எஸ்.எம்.பி.எஸ்.-ஐக் கழற்றிப் பார்க்கச் சொல்வேன். அதாவது கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. இதில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

2017-ல் ஒரு கார்டு வாங்கினேன். அதற்குத் தனியாக 6-பின் கரண்ட் வயர் வேண்டியிருந்தது. என் எஸ்.எம்.பி.எஸ்., கேபினட்டோடு இலவசமாக வந்தது. மேலே 450 வாட் என்று பெரிசாகப் போட்டிருந்தது. 6-பின் வயர் கிடையாது. கடைக்காரர் ஒரு கன்வர்ட்டர் வயரைப் போட்டு "ஓடும் சேட்" என்றார். ஓடியது, மூன்று நாள். மூன்றாம் நாள் சாயங்காலம் பட்டாசு மாதிரி ஒரு சத்தம். கார்டு பிழைத்துக்கொண்டது, அதுதான் வேடிக்கை. போனது ஹார்டு டிஸ்க். திருநாதர்குன்றிலிருந்து சித்தன்னவாசல் வரை பல வருஷம் லீவு போட்டுப் போய் எடுத்த கல்வெட்டுப் படங்களும், பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய குறிப்புகளும் அதில்தான் இருந்தன. வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை. மறுபடி மலையேற இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. ஆகவே கார்டு மாற்றுவதற்கு முதல் நாள், உள்ளதையெல்லாம் வெளி டிஸ்கில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.

பெரிய எழுத்தில் போட்ட வாட்டை நம்ப வேண்டாம். லேபிளில் பொடி எழுத்தில் 12 வோல்ட் என்ற இடத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 14 ஆம்பியர் என்றிருந்தால் 12-ஐ 14-ஆல் பெருக்குங்கள்: 168 வாட். கார்டும் பிராசசரும் பெரும்பாலும் இதிலிருந்துதான் எடுக்கும். நான்காம் தலைமுறை ஐ5 பலவற்றுக்கு 84 வாட், கார்டுக்கு 75 வாட், ஆக 159. டிஸ்க், ஃபேன் கணக்கு இன்னும் வரவில்லை. 450 என்று எழுதின பெட்டி விளிம்பில் நிற்கிறது பாருங்க! எடைக்கல்லில் கள்ளம் பண்ணுகிற மாதிரிதான் இதுவும். கம்பெனி மெஷின்களின் எஸ்.எம்.பி.எஸ். 240 முதல் 300 வாட்தான் இருக்கும். ஆனால் எழுதியிருக்கிற அளவை ஒழுங்காகக் கொடுக்கும். கன்வர்ட்டர் விஷயமும் கணக்குதான். டிஸ்குக்குப் போகும் சாட்டா பிளக் 12 வோல்ட்டில் 54 வாட் வரைக்கும்தான் தாங்கும். 6-பின் கேட்பதோ 75 வாட் வரை. வயர் உருகாமல் என்ன செய்யும்?

மதர்போர்டின் நீள ஸ்லாட்டே 75 வாட் வரை கொடுக்கும். அதற்குள் அடங்கி, தனி வயர் கேட்காத கார்டுதான் பழைய மெஷினுக்கு ஏற்றது. சில சின்னக் கேபினட் மாடல்களில் கம்பெனிக்காரர்கள் இன்னும் குறைத்து வைத்திருக்கிறார்கள், மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். சின்னக் கேபினட் என்றால் கார்டும் பாதி உயரத்தில் இருக்க வேண்டும். அட்டைப் பெட்டிக்குள் குட்டையான பட்டையும் இருக்கிறதா என்று கடையிலேயே பிரித்துப் பாருங்கள்.

அடுத்தது பாதை. ஸ்லாட்டுக்கும் பிராசசருக்கும் நடுவே 16 பாதை உண்டு. 2011-ன் இரண்டாம் தலைமுறை இன்டெல்லில் ஒரு பாதையில் நொடிக்கு அரை ஜிபி போகும், மூன்றாம், நான்காம் தலைமுறை மெஷின்களில் பொதுவாக ஏறக்குறைய ஒன்று, புதியவற்றில் இரண்டு. ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 6400, 2022-ல் வந்தது, 53 வாட்தான், தனி வயர் வேண்டாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது 4 பாதையைத்தான் உபயோகிக்கும். புது மெஷினில் 8 ஜிபி வேகம், 2013 மெஷினில் 4, 2011 மெஷினில் 2. கார்டின் சொந்த 4 ஜிபி கிடங்கு நிரம்பி, சரக்கைப் பொது ராமிலிருந்து வரவழைக்கும்போதுதான் சந்து எவ்வளவு குறுகல் என்று தெரியும். படம் விட்டு விட்டு வரும். இன்டெல்லின் ஆர்க் கார்டுகள் புது வீடியோக்களுக்கு அருமை. ஆனால் ரீசைசபிள் பார் என்ற வசதி மதர்போர்டில் இருக்க வேண்டும் என்று இன்டெல்லே சொல்கிறது. 2013 மெஷினில் அதை எதிர்பார்க்க முடியாது.

இனி, ஒரே பெயரில் இரண்டு சரக்கு விற்கிற கதை. வியாபாரியான எனக்கே இதில் கோபம் வருகிறது. என்விடியாவின் ஜி.டி. 1030, 2017-ல் வந்தபோது அதன் மெமரி வேகம் நொடிக்கு 48 ஜிபி. அடுத்த வருஷம் அதே பெயரில் டி.டி.ஆர்.4 போட்டு இன்னொன்று வந்தது. அதில் வேகம் சுமார் 17 ஜிபி! பெட்டியில் ஜி.டி.டி.ஆர்.5 என்று இருந்தால்தான் நல்ல சரக்கு. இரண்டானாலும் இந்த வரிசைக்கு வழக்கமான டிரைவர் வெளியீட்டை 2025-ல் என்விடியா நிறுத்திவிட்டது. 2028 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். ஆகவே புதிதாக இதை வாங்க நான் சொல்லமாட்டேன். ஆர்.டி.எக்ஸ். 3050-ம் அப்படியே. 2022-ல் வந்த 8 ஜிபி கார்டுக்கு 130 வாட். 2024-ல் வந்த 6 ஜிபிக்கு 70 வாட், பெரும்பாலும் தனி வயர் வேண்டாம். பழைய மெஷினுக்கு இந்த இரண்டாவதுதான் தோது. 2019-ன் ஜி.டி.எக்ஸ். 1650-ம் பரவாயில்லை, 75 வாட், 16 பாதை. ஆனால் அதிலும் சில தயாரிப்புகள் 6-பின் கேட்கும். கார்டின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

இதற்கு மேல் பெரிய கார்டு வேண்டாம். சமண இல்லறத்தாருக்கு மிகுபொருள் விரும்பாமை என்று ஒரு விரதம் உண்டு. இங்கே அது கணக்குப்படியும் சரியாக வருகிறது. பிராசசர் வேலையை எடுத்துக் கொடுத்தால்தானே கார்டு செய்யும்? பெரிய கார்டு கைகட்டி உட்கார்ந்திருக்கும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குவோர், பழைய கார்டில் புதுப் பெயரை ஏற்றி விற்பதும் உண்டு என்று தெரிந்துகொள்ளுங்கள். 1050 டி.ஐ. என்ற பெயரில் இது நிறைய நடந்தது. ஜி.பி.யு.-இசட் என்ற இலவச மென்பொருளைக் கடையிலேயே ஓட்டிப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். புதுசு வாங்கினாலும் மதர்போர்டின் பயாஸ் மிகப் பழையதானால் படமே வராமல் போவதுண்டு. ஒத்துவராவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வதாக பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

மாட்டுவது பத்து நிமிஷ வேலை. பழைய டிரைவர் இருந்தால் நீக்கின பின், பிளக்கைப் பிடுங்கி, கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு, 'கிளிக்' என்று சத்தம் கேட்கும்வரை கார்டை அழுத்தி ஸ்க்ரூ போட வேண்டும். நீல நிற வி.ஜி.ஏ. பிளக் உள்ள பழைய மானிட்டராக இருந்தால் எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றும் கருவி ஒன்றும் தேவைப்படும். இந்தக் கார்டுகளில் வி.ஜி.ஏ. கிடையாது.

போன வருஷம் கட்டிடக்கலை படிக்கிற பேத்திக்காக வீட்டு மெஷினில் நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றும் இந்த 6 ஜிபி கார்டும் போட்டேன். ஆன் செய்தால் திரை இருட்டு. கார்டைக் கழற்றி மாட்டினேன், ராமைக் கழற்றி மாட்டினேன், ஒரு மணி நேரம் போயிற்று. பேத்தி வந்து பின்னால் எட்டிப் பார்த்தாள். மானிட்டர் வயர் இன்னும் மதர்போர்டிலேயே செருகியிருந்தது. "கார்டுல மாத்துங்க தாத்தா" என்றாள். மாற்றினதும் படம் வந்தது.