நட்புப் போட்டியும் நிழற்படக் கலையும்

கலைகளைக் கற்கும் நெறி இருவகைப்படும். நூல்வழிக் கற்றல் ஒன்று. செய்து பழகிக் கற்றல் மற்றொன்று. இலக்கணமுங் கணிதமும் பெரும்பாலும் முதல்வகையால் அடையப்படுவன. நீந்துதலும் வீணை மீட்டுதலும் இரண்டாம் வகையாலன்றி எய்தற்கரியன. நிழற்படக் கலையோ இவ்விரண்டன் எல்லையில் நிற்பது. அதன் அடிப்படை பௌதிகவியல். அதன் பயனோ கண்ணின் தேர்ச்சி. ஆதலின் நூலை மட்டுங் கற்றவன் கமராவைக் கையில் எடுத்ததும் தடுமாறுவான். பொத்தானை அழுத்துவதொன்றையே பயின்றவன் பத்தாண்டு கழிந்த பின்னும் தொடங்கிய இடத்திலேயே நிற்பான். இவ்விரு நெறிகளையும் இணைக்கும் பாலமாக நண்பர் குழாத்தினுள்ளே நிகழும் சிறு போட்டிகள் அமைதல் கூடும். அவை எவ்வாறு கற்பிக்கின்றன என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிழற்படக் கலையின் வரலாறு, அருமை குறைந்து எளிமை பெருகிய வரலாறேயாம். பிரான்சு நாட்டவரான தாகேர் கண்ட முறை 1839ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 19ஆந் திகதி பாரிசு நகரில் உலகறிய வெளியிடப்பட்டது. அக்காலத்திற் படமெடுக்க விரும்பியவன் வெள்ளி பூசிய செப்புத் தகட்டைத் தானே மெருகிட்டு, அயடீன் ஆவியில் வைத்து ஒளியுணரச் செய்து, இரச ஆவியாற் படத்தைத் தோற்றுவித்தல் வேண்டும். இத்துணைத் தொல்லையுங் கடந்தவன் ஒளியின் இயல்பை அறியாதிருத்தல் இயலாது. 1888இல் அமெரிக்கரான ஜோர்ஜ் ஈஸ்ற்மன் கொடாக் கமராவை விற்பனைக்குக் கொணர்ந்தார். நூறு படங்களுக்குரிய சுருள் அதனுள்ளே இடப்பட்டிருந்தது. சுருள் முடிந்ததும் கமராவையே தொழிற்சாலைக்கு அனுப்பினால், படங்களும் புதுச்சுருள் இட்ட கமராவும் திரும்பி வந்தன. படமெடுத்தல் வேறு, படக்கலை அறிதல் வேறு என்னும் பிரிவு இவ்வாறு வளரலாயிற்று.

ஆயினும் சுருளுக்கு விலையுண்டு. பிற்காலத்தில் வழங்கிய 35 மில்லிமீற்றர்ச் சுருளொன்றில் 36 படங்களே பொதுவாக அடங்கும். ஒவ்வொரு அழுத்தமும் பணச்செலவாதலின், அழுத்துமுன் எண்ணும் வழக்கம் தானே அமைந்தது. இன்று கைத்தொலைபேசியில் அத்தடையும் இல்லை. ஒரு திருமண வீட்டில் ஒருவரே நூற்றுக்கணக்கான படங்களை எடுத்து, பின்னர் அவற்றுள் ஒன்றையேனும் மீள நோக்காது விடுதலை நாம் காண்கின்றோம். ஒளியளவு, குவியம், நிறம் ஆகிய யாவற்றையும் கருவியே தீர்மானிக்கின்றது. கருவி தீர்மானித்தல் குற்றமன்று. அது யாது தீர்மானித்தது, ஏன் தீர்மானித்தது என்பவற்றைப் படமெடுத்தவன் அறியாதிருத்தலே குறை. முன்னாளிற் சிக்கனம் ஆசிரியனாய் நின்ற இடம் இன்று வெறுமையாயிற்று. அவ்விடத்தை நிரப்பவல்லது போட்டியின் விதி.

நாம் ஈண்டுக் கருதும் போட்டி பெரும்பரிசும் புகழுங் குறித்து நடைபெறுவதன்று. அதன் விதிகள் நான்கே. ஒருவர் ஒரு பொருளைத் தலைப்பாக அறிவிப்பார். யாவரும் அத்தலைப்புக்கென்று, குறித்த நாள்களுக்குள், புதிதாகப் படமெடுத்தல் வேண்டும். ஒருவர் ஒரு படமே சமர்ப்பிக்கலாம். அதனுடன் படமெடுத்த விவரங்களையும் வெளியிடல் வேண்டும். வென்றவர் பெறும் பரிசு யாதெனின், அடுத்த தலைப்பை அறிவித்து அதற்கு நடுவராயிருக்கும் பொறுப்பேயாம். படங்களைத் தம்முட் பரிமாறிக் கற்கும் வழக்கம் புதியதன்று. இலண்டனில் 1853இல் நிழற்படச் சங்கம் நிறுவப்பெற்றதும், அப்பத்தாண்டிலேயே ஆர்வலர் தாம் எடுத்த படங்களை ஒருவர்க்கொருவர் அனுப்பிக்கொள்ளும் பரிமாற்றக் கழகங்கள் அங்குத் தோன்றின. இன்று படங்கள் நொடிப்பொழுதிற் கடல் கடக்கின்றன. முறை மட்டும் பழையதே.

இனித் தலைப்பு எவ்வாறு நுட்பத்தைக் கற்பிக்கின்றது என்பதைச் சில எடுத்துக்காட்டுகளால் ஆராய்வாம்.

ஓடும் நீர் என்பது தலைப்பென்க. குழாயினின்று விழும் நீரை ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கு நேரத்திற் படமாக்கினால், நீர் கண்ணாடி மணிகளாய்ச் சிதறி நிற்கும். அதே நீரை அரைச் செக்கன் நேரம் படமாக்கினால் வெண்பட்டுத் துகில்போல் வழியும். இரண்டும் உண்மையே; எதனைக் காட்டல் வேண்டும் என்பது எடுப்பவன் துணிவு. அரைச் செக்கன் நேரம் கமராவைக் கையால் அசையாது பிடித்தல் அரிது. ஆகவே முக்காலியோ மேசையோ வேண்டும் என்பது அவனுக்குத் தானே விளங்கும். பட்டப்பகலில் அவ்வளவு நேரம் ஒளியை விட்டாற் படம் வெளிறிப்போகும். ஆகவே மாலையையோ நிழலையோ நாடல் வேண்டும்; அல்லது ஒளி புகும் துவாரத்தைச் சுருக்கல் வேண்டும். ஒரு தலைப்பே மூன்று பாடங்களைக் கற்பித்துவிடுகின்றது.

ஒன்று மட்டும் தெளிவாக என்பது வேறொரு தலைப்பு. இது துவாரத்தின் இயல்பை உணர்த்தும். வில்லையின் குவியத்தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுக்க வருவது எஃப் எண் எனப்படும். 50 மில்லிமீற்றர்க் குவியத்தூரமுடைய வில்லையில் துவாரம் 25 மில்லிமீற்றராயின் எண் 2 ஆகும்; 12.5 மில்லிமீற்றராயின் எண் 4 ஆகும். விட்டம் பாதியாகப் பரப்பு காற்பங்காகும். ஆகவே ஒளியுங் காற்பங்காகும். 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்னும் வரிசையில் ஒவ்வொரு படிக்கும் ஒளி ஏறத்தாழப் பாதியாகக் குறைதலின் காரணம் இதுவே. எண் சிறியதாக, அதாவது துவாரம் பெரியதாக, குவியத்துக்கு முன்னும் பின்னும் உள்ள பொருள்கள் விரைவில் மங்கும். பூவொன்று கூர்மையாய் நிற்க, அதன் பின்னுள்ள வேலி வண்ணப் பரப்பாய்க் கரைதல் இதனாலேயே. கைத்தொலைபேசிகளுட் பெரும்பாலானவற்றில் துவாரம் மாறாதது. அவற்றை உடையோர் பொருளை மிக அணுகிநின்றும், பின்புலத்தைத் தூரத்தே வைத்தும் ஒருவாறு இப்பயனைப் பெறலாம்.

நேரமும் துவாரமும் ஒன்றையொன்று ஈடுசெய்வன. எண் 8இல் 125இலொரு செக்கன் பெற்ற ஒளியை, எண் 5.6இல் 250இலொரு செக்கனிற் பெறலாம். மூன்றாவதாக வருவது ஒளியுணர்திறன். ஐ.எஸ்.ஓ. 100இலிருந்து 200க்கு உயர்த்தினால் முன்னையிற் பாதியளவு ஒளியே போதும். மிக உயர்த்தினால் மணல் தூவினாற்போன்ற புள்ளிகள் படத்திற் பரவும். இம்மூன்றையும் ஒரு சமன்பாட்டின் உறுப்புகளாகக் காண்பவனுக்குக் கமராவின் குறியீடுகள் அச்சந் தருவனவல்ல.

வெள்ளையின்மேல் வெள்ளை என்னும் தலைப்பு சிறியதாயினும் பெரும்பாடம் புகட்டுவது. வெண்டுகிலின்மேல் ஒரு முட்டையை வைத்துக் கருவியின் போக்கிலே படமெடுத்தால், இரண்டும் அழுக்கேறிய சாம்பல்நிறமாய்த் தோன்றுதலைப் பலமுறை காணலாம். ஒளிமானி தான் நோக்கும் காட்சியைச் சராசரிச் சாம்பல்நிறமாகக் கருதி அளவிடுமாறு அமைந்துள்ளமையே காரணம். வெண்மையை வெண்மையாய்க் காட்ட, கருவி சொல்லும் அளவினும் ஒன்று அல்லது இரண்டு படி மிகுதியாக ஒளியை விடல் வேண்டும். கரிய பொருளுக்குக் குறைத்தல் வேண்டும். கருவியின் கூற்றை ஏற்பதும் மறுப்பதும் தன் பொறுப்பே என்பதை மாணாக்கன் முதன்முதல் உணருமிடம் இதுவாகும். முட்டையின் ஒருபக்கத்தே யன்னலொளி விழுமாறு திருப்பி வைத்ததும் அதன் உருண்மை புலப்படும். முன்னொளி வடிவத்தைத் தட்டையாக்கும், பக்கவொளி அதனை எழுப்பும் என்பதையும் அவன் அப்பொழுதே அறிந்துகொள்வான்.

படவமைப்பிற்கும் இம்முறை பொருந்தும். சட்டத்தை நெடுக்கிலுங் குறுக்கிலும் மும்மூன்றாகப் பிரித்து, முதன்மைப் பொருளை அக்கோடுகளின்மீது அமைத்தல் நன்று என்பர். மூன்றிலொரு பங்கு விதி எனப்படும் இதனைப் பற்றி, யோன் தோமஸ் சிமித் என்னும் ஆங்கிலேயச் செதுக்கோவியர் நிழற்படம் தோன்றுமுன்னரே, 1797இல், எழுதியுள்ளார். ஒரே தலைப்புக்குப் பதின்மர் எடுத்த பத்துப் படங்களை அருகருகே வைத்துப் பார்ப்பவன், இவ்விதி எங்கே பயன்பட்டது, எங்கே அதனை மீறியவன் வென்றான் என்பவற்றைத் தன் கண்ணாலேயே காண்பான். தனியே பயில்வோன் தன் படத்தை மட்டுமே அறிவான். தான் நின்ற இடத்திலே மற்றொருவன் யாது கண்டான் என்பதை அறியான். ஒப்புநோக்குக்கு இடந்தருதலே போட்டியின் தலையாய பயன்.

இவ்விடத்து நடுவரின் தொழிலைச் சிறிது விரித்துக் கூறல் வேண்டும். படம் நன்று என்னும் புகழ்ச்சியும், நன்றன்று என்னும் இகழ்ச்சியும் கற்போனுக்கு உதவா. கண் முதலிற் செல்லுமிடம் முகமன்று, பின்னாலுள்ள வெண்சுவர். இரண்டடி இடப்புறம் நின்றிருப்பின் சுவர் மறைந்திருக்கும் என்று கூறுவதே திருத்தம். அவ்வாறு கூறவேண்டிய நடுவர் முதலிற் காரணத்தைத் தமக்குத் தாமே தெளிதல் வேண்டும். சென்றமுறை தன்னுணர்வின்றி வென்ற ஒருவர், இம்முறை பிறர் படங்களை எடைபோடும்பொழுதே தாம் வென்ற காரணத்தையும் அறிகின்றார். வெற்றியினும் நடுவராதல் மிகுதியாகக் கற்பிக்கின்றது. நடுவர் பதவி கைமாறிக்கொண்டே வருதலின், ஒருவர் சுவையே குழுவின் சட்டமாகிவிடும் இடரும் நீங்குகின்றது.

அவ்விடர் கற்பனையன்று. யூலியா மார்கரட் கமரன் என்னும் அம்மையார் 1863 டிசம்பரில், தம் 48ஆம் வயதில், மகளும் மருமகனும் அளித்த கமராவைக் கொண்டு படமெடுக்கத் தொடங்கினார். அவர் எடுத்த முகப்படங்கள் கூர்மையற்றவை என்று அக்கால நிழற்பட இதழ்கள் கடிந்தன. அம்மையார் அம்மென்மையைத் தாமே விரும்பி ஏற்றவர், அதனைக் கைவிட்டாரல்லர். அவர் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இந்நாட்டிலேயே காலமாயினார். அவர் படங்கள் இன்று அக்கலையின் முதன்மைச் செல்வங்களுள் வைத்து எண்ணப்படுகின்றன. திருத்தத்தைச் செவிமடுத்தலும் வேண்டும்; தான் வேண்டுமென்றே செய்ததையும் அறியாது செய்ததையும் பகுத்துணர்தலும் வேண்டும். நட்புடையோர் அவையிலே இவ்விரண்டையும் அச்சமின்றிப் பயிலலாம்.

நட்பு என்னும் சொல்லை யாம் வலியுறுத்துதற்குக் காரணமுண்டு. பரிசு பெரிதாகப் பெரிதாகப் பொய்க்கும் இடம் பெருகும். கணினி தானே படத்தைப் புனையும் இக்காலத்தில் இது மிகப் பொருந்தும். 2023இல் சோனி உலக நிழற்பட விருதுகளுள் ஒரு பிரிவில் வென்ற ஜேர்மானியக் கலைஞர் போரிஸ் எல்டாக்சன், தமது படம் செயற்கை நுண்ணறிவால் ஆக்கப்பட்டதென்று தாமே கூறி விருதை மறுத்தார். தேர்ந்த நடுவரையும் புனைவு கடந்துவிடும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று. எனின், ஒளியையும் வில்லையையும் இனிக் கற்பதேன் என்று மாணவர் வினவலாம். அழகிய படம் ஒன்றைப் பெறுதலே நோக்கமாயின் அவ்வினாவுக்கு விடையில்லை. காணும் ஆற்றலைப் பெறுதல் நோக்கமாயின், அதனைப் பிறிதொன்றிடம் ஒப்படைத்துப் பெறமுடியாது. பரிசில்லாப் போட்டியிற் பொய்ப்படம் இடுபவன் தன் பாடத்தையே இழக்கின்றான். வேறெவரும் யாதும் இழப்பதில்லை.

நம் நாட்டில் இக்கலையை வளர்த்தோருள் லயனல் வென்ற் தலைசிறந்தவர். 1900இற் பிறந்து 1944இல் மறைந்த அவர் சட்டம் பயின்றவர். பியானோ வாசிப்பதில் வல்லவர். 1930களில் இலங்கை நிழற்படச் சங்கத்தை உருவாக்கியோருள் அவரும் ஒருவர். 1938இல் அவர்தம் படங்கள் இலண்டனிற் காட்சிக்கு வைக்கப்பெற்றன. தனித்திறன் மிக்க அவரும் பிறரோடு கூடிப் பயிலும் அவையொன்றை வேண்டினார் என்பது நோக்கற்பாலது.

வகுப்பொன்றிற் பதின்மர் சேர்ந்தால் இம்முயற்சியைத் தொடங்கலாம். விலையுயர்ந்த கமரா வேண்டுவதில்லை; உள்ள கைத்தொலைபேசி போதும். இரு கிழமைக்கு ஒரு தலைப்பு, ஆளுக்கு ஒரு படம், படத்துக்கு ஒரு காரணம் என்னும் வரையறையைக் காத்தால் அமையும். மனிதரைப் படமெடுக்குமுன் அவர்தம் இசைவைப் பெறுதலையும் விதியாகக் கொள்க. ஒரு தவணை முடிவில் ஒவ்வொருவரிடமும் ஆறு அல்லது ஏழு படங்களே சேர்ந்திருக்கும். தொகை சிறிதே, ஆயினும் அவற்றுள் ஒவ்வொன்றையும் ஏன் அவ்வாறு எடுத்தேன் என்று எடுத்தவரால் விடை கூறமுடியும்.