இல்லறத்தில் ஒரு துறவறம்

(இளம் அறிவியல், இரண்டாம் ஆண்டு)

செங்கோட்டையிலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில், மலை ஏறத் தொடங்குவதற்குச் சற்று முன்பாகத் தமிழகத்தின் எல்லையில் அமைந்திருப்பது எங்கள் புளியறை. வெளியூரார் இவ்வூரின் பெயரை அறிந்திருப்பதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று சோதனைச் சாவடி. மற்றொன்று தட்சிணாமூர்த்தி கோயில். வியாழக்கிழமைதோறும் மஞ்சள் துணியும் கொண்டைக்கடலை மாலையும் ஏந்தி மக்கள் அக்கோயிலுக்கு வருகின்றனர். அவர்களுள் பலர் வேண்டுவது யாது? மகளுக்கு நல்ல வரன் அமைய வேண்டும். மகனுக்குக் கலியாணம் தட்டிப் போகாமல் இருக்க வேண்டும் என்பதே. அவர்கள் கைகூப்பி நிற்கும் அந்த வடிவமோ, கல்லால மரத்தடியில் அமர்ந்து, இல்லறமே அறியாத சனகர் முதலான முனிவர் நால்வர்க்கு மௌனத்தால் ஞானம் உரைத்த யோக வடிவம்! யோகியிடம் போய்க் கலியாணம் கேட்பதா என்று நகைப்பவர் உண்டு. நான் நகைக்கமாட்டேன். இல்லறம் பெரிதா, துறவறம் பெரிதா என்ற வழக்கை நூல்கள் வாதிட்டுக்கொண்டிருக்க, எங்கள் பக்கத்து மக்கள் அவ்வழக்கைத் தீர்ப்புச் சொல்லாமலே நடத்தி வருகிறார்கள் என்பதுதான் அதன் பொருள்.

புளியறையைக் கடந்து மலையேறினால் ஆரியங்காவு. அங்குள்ள சாஸ்தாவுக்கு மார்கழியில் புஷ்கலையுடன் திருக்கல்யாணம் நடைபெறுகிறது. மதுரைச் சௌராட்டிரப் பெருமக்கள் பெண் வீட்டாராக வந்து சீர் செய்கின்றனர். செங்கோட்டையிலிருந்து மேக்கரை வழியே சென்றால் அச்சன்கோவில். அங்கு அதே சாஸ்தா இரு தேவியருடன் இல்லறத்தானாக விளங்குகிறார். குளத்துப்புழையில் அவர் பாலகன். சபரிமலையிலோ நைட்டிகப் பிரமச்சாரி. ஒரே தெய்வத்தை ஒரே மலைத் தொடரில் பாலனாகவும் மணமகனாகவும் குடும்பத்தானாகவும் துறவியாகவும் வைத்து வணங்கும் மக்கள் நாம். கார்த்திகை பிறந்தால் மாலையிட்டு நாற்பத்தொரு நாள் நோன்பிருக்கும் லாரி ஓட்டுநரும் மளிகைக் கடைக்காரரும் அந்நாட்களில் ஊரார் வாயில் 'சாமி' ஆகிவிடுகின்றனர். மலையிறங்கி வந்து மாலையைக் கழற்றியதும் மீண்டும் தந்தை, கணவன், கடன்காரர்! (விடியுமுன் எழுந்து குளித்து, அந்தச் 'சாமி'க்குச் சமைத்துப் போட்ட மனைவியின் நோன்பு எந்தக் கணக்கிலும் வருவதில்லை என்பது வேறு செய்தி.)

வள்ளுவப் பெருந்தகை அறத்துப்பாலில் இல்லறவியலுக்கு இருபது அதிகாரங்களும் துறவறவியலுக்குப் பதின்மூன்று அதிகாரங்களும் வகுத்தார். எண்ணிக்கையைக் கொண்டு எது பெரிது என்று முடிவு கட்டுவது சிறுபிள்ளைத்தனம். ஆனால் இல்வாழ்வானை மற்ற நிலையினர்க்கெல்லாம் துணையாக அவர் வைத்ததை மறந்துவிட முடியாது. துறவிக்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை அவர் ஒளிக்கவில்லை.

அக்கேள்வி எனக்கு ஏட்டில் தோன்றியதன்று. என் தாயின் தமக்கை, அதாவது என் பெரியம்மாவின் கணவர், இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு காவியுடுத்திக் குற்றாலத்திற்குப் போய்விட்டார். ஊரில் அவருக்கு மதிப்பு கூடிற்று. எப்போதாவது வந்தால் காலில் விழுந்தனர். பெரியம்மா முறம் நிறைய இலையும் தூளும் வைத்துக்கொண்டு பீடி சுற்றினார், பிள்ளைகளை ஆளாக்கினார், என் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பங்கும் அவ்வாறு வந்ததே. "அவுக சாமியாயிட்டாக. நான் என்ன ஆனேன்னு யாரும் கேக்கலை, தம்பி" என்று ஒருநாள் சொன்னார்கள். கோபமில்லாமல்தான் சொன்னார்கள். அறிவியல் மாணவனாகிய எனக்கு அப்போது பொருண்மை அழியா விதி நினைவுக்கு வந்தது. ஒருவர் இறக்கி வைத்த பாரம் மறைந்துவிடுவதில்லை; தோள் மாறுகிறது, அவ்வளவே. இவ்வாறு தோள் மாற்றாமல் இறைவனை அடைய வழி காட்டியவர் உண்டா என்று தேடத் தொடங்கினேன். பஞ்சாபில் ஒருவரும், நமக்கு மிக அருகில் ஒருவரும் அகப்பட்டனர்.

பஞ்சாபில் தோன்றியவர் குருநானக். 1469இல் தல்வண்டி என்னும் ஊரில் பிறந்தார். இன்று அது நன்கானா சாகிப் என்ற பெயருடன் பாகிஸ்தானில் உள்ளது. சுலக்கனி அம்மையாரை மணந்தார். சிறீசந்த், இலட்சுமிதாஸ் என இரு ஆண்மக்கள். சுல்தான்பூரில் நவாபின் தானியக் களஞ்சியத்தில் அளந்து கொடுக்கும் உத்தியோகம் பார்த்தார். பிறகு நெடும்பயணங்கள் மேற்கொண்டார். இங்கே நம்மவர் ஒருவர் குறுக்கிட்டு, "அவரும் மனைவி மக்களை விட்டுப் போனவர்தானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை அவருடைய இறுதிக் காலத்தில் இருக்கிறது. பயணம் முடிந்ததும் அவர் மடம் கட்டவில்லை, குகை தேடவில்லை. இராவி நதிக்கரையில் கர்த்தார்பூரில் குடும்பத்தோடு குடியேறி, ஏர் பிடித்து உழுதார். வந்தவர்க்கெல்லாம் ஒரே பந்தியில் உணவிட்டார். உழைத்து உண், பகிர்ந்து உண், இறைவன் பெயரை நினை என்பதே அவர் வகுத்த நெறி. வீடு துறந்த சித்தர்களோடு அவர் நிகழ்த்திய உரையாடல் சீக்கியரின் மறைநூலில் இடம்பெற்றிருக்கிறது. நீரில் கிடந்தும் நனையாத தாமரையை எடுத்துக்காட்டி, உலகில் இருந்துகொண்டே உலகப் பற்றின்றி வாழலாம் என்பது அவர் கட்சி. தாமரையிலைத் தண்ணீர் நமக்குப் புதிதா என்ன!

இதனினும் சுவையானது அவருடைய வீட்டுக்குள்ளேயே எழுந்த வழக்கு. மூத்த மகன் சிறீசந்த் மணம் செய்துகொள்ளவில்லை. கடுந்தவசியாகி, உதாசிகள் எனப்படும் துறவியர் கூட்டத்திற்குத் தலைவரானார். தந்தைக்குப் பின் அவரே குரு என்று பலர் எண்ணியிருத்தல் இயல்பு. ஆனால் 1539இல் நானக் மறையுமுன் தம் வாரிசாக அமர்த்தியது மகனை அன்று. இலேணா என்ற சீடரை. மனைவி மக்களோடு வாழ்ந்த இலேணாதான் அங்கதர் என்ற பெயருடன் இரண்டாம் குருவானார். அவர் மனைவி கீவி அம்மையார் பொதுச் சமையற்கூடத்தை நடத்தினார். அங்கே அவர் வழங்கிய நெய்ப் பாயசம் சீக்கியரின் மறைநூலிலேயே பாடப்பெற்றுள்ளது. ஒரு சமயத்தின் மறைநூலில் குடும்பத் தலைவி ஒருத்தியின் பெயரும் அவள் சமையலும் ஏறியிருப்பதை நான் சிறிய செய்தியாகக் கருதவில்லை. என் பெரியம்மாவிடம் சொன்னபோது, "பாயசம் வச்சதையா எழுதியிருக்காக?" என்று இரண்டு முறை கேட்டார்கள்.

மூன்றாம் குரு அமரதாசர் காலத்தில் உதாசிகள் வேறு, இல்லறத்துச் சீக்கியர் வேறு என்ற பிரிவு தெளிவாயிற்று என்பது மரபு. நான்காம் குரு இராமதாசர் பாடிய நான்கு பாடல்களே இன்றும் சீக்கியத் திருமணத்தில் ஓதப்படுகின்றன. ஒவ்வொரு பாடலுக்கும் ஒரு முறையாக மணமக்கள் மறைநூலை நான்கு முறை வலம் வருவர். 1909இல் இத்திருமணத்திற்குச் சட்ட ஏற்பும் கிடைத்தது. பத்துக் குருமார்களில் எட்டு வயது நிரம்பும் முன்னரே 1664இல் மறைந்த அரிகிருட்டிணர் ஒருவர் நீங்கலாக, ஏனைய ஒன்பதின்மரும் மணமானவர்கள்.

ஆயினும் துறவியரைச் சீக்கியம் துரத்திவிட்டது என்று கூறினால் அது வரலாறு ஆகாது. சிறீசந்த் தம் முதுமையில் ஆறாம் குருவிடம் ஒரு மகனைக் கேட்டுப் பெற்றுத் தம் வழித்தோன்றலாக்கினார் என்று கூறுவர். பிரமச்சாரிக்கும் தம் நெறி நிலைக்க ஒரு குடும்பத்தானின் பிள்ளை தேவைப்பட்டது! அப்பிள்ளை குருதித்தாவும் மணமானவர். ஏழாம் குருவின் தந்தை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆட்சியாளர் சீக்கியரை வேட்டையாடிய நாட்களில், கால்சாவின் புற அடையாளங்கள் அற்ற உதாசிகளே கோயில்களில் விளக்கேற்றிக் காத்தனர். அந்த நன்றியை மறத்தலாகாது. ஆனால் காத்தவர்களே காலப்போக்கில் உடைமையாளர் ஆயினர். கோயில் நிலமும் வருவாயும் மகந்துகளின் கைக்குப் போயின. 1921 பிப்ரவரியில், நானக் பிறந்த அதே ஊரில், கோயிலை மீட்கச் சென்ற சீக்கியர் நூற்றுக்கு மேற்பட்டோர் மகந்தின் ஆட்களால் கொல்லப்பட்டனர். 1925இல் வந்த குருத்துவாராச் சட்டம் கோயில்களைத் தேர்தல் முறையில் அமைந்த குழுவிடம் ஒப்படைத்தது. வீட்டைத் துறப்பது எளிது. வீட்டைத் துறந்த பின் கையில் வந்து சேரும் சொத்தைத் துறப்பதே அரிது போலும்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டைச் சீமை தமிழகத்தில் இல்லை, திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. அதே திருவிதாங்கூரின் தென்கோடியில், இன்றைய குமரி மாவட்டம் சாமித்தோப்பில், 1809இல் பிறந்தவர் ஐயா வைகுண்டர். பெற்றோர் இட்ட பெயர் முடிசூடும் பெருமாள். தாழ்த்தப்பட்ட குலத்துப் பிள்ளைக்கு முடியா என்று மேற்குலத்தார் எதிர்த்ததால் முத்துக்குட்டி என மாற்ற நேர்ந்தது. பெயரைக்கூட வைத்துக்கொள்ள இயலாத காலம் அது. தலைக்கு வரி. ஆண்கள் தலைப்பாகை கட்டக் கூடாது. பெண்கள் தோளை மறைக்கக் கூடாது. அப்படிப்பட்ட நாட்டில் முத்துக்குட்டி மணவாழ்வு வாழ்ந்து, பனைத்தொழில் செய்து பிழைத்தார். நோயுற்ற நிலையில் 1833 மாசியில் திருச்செந்தூருக்கு எடுத்துச் செல்லப்பட்டுக் கடலுள் புகுந்தவர், மூன்றாம் நாள் வைகுண்டராக வெளிவந்தார் என்பது அன்பர்களின் நம்பிக்கை.

பிறகு ஆறாண்டுத் தவம். இரண்டிரண்டு ஆண்டுகளாக அமைந்த அதன் மூன்றாம் பகுதி பெண்களின் நலத்திற்காக என்று சொல்லப்படுகிறது. தம் வீடுபேற்றுக்காக என்று சொல்லப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவரை நாடிப் பெருங்கூட்டம் திரளவே, சுவாதித் திருநாள் மன்னரின் அரசு அவரைக் கைது செய்து திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தது. 1839இல் விடுதலையானார்.

அடுத்து அவர் செய்ததுதான் என் கட்டுரைக்கு உயிர்நிலை. எழுநூறு குடும்பங்களைக் கடற்கரையோரம் வாகைப்பதிக்கு அனுப்பினார். ஆண்களை மட்டும் அனுப்பவில்லை. மனைவியும் பிள்ளைகளும் உடன் சென்றனர். நாளுக்கு மூன்று முறை குளித்து, உடுத்த துணியைத் துவைத்துக் கட்டினர். அரிசியும் சிறுபயறும் சேர்ந்த உணவை ஒரு வேளை மட்டும் உண்டனர். புலால் இல்லை. வழிபாடு முறைப்படி நடந்தது. துவையல் தவசு என்று அதற்குப் பெயர். செய்தவர்கள் துவையல் பண்டாரங்கள். பண்டாரம் என்றால் வீடு விட்டுத் திரிபவன் என்பது நாம் அறிந்த பொருள். வைகுண்டரோ பெண்டு பிள்ளைகளோடு ஒருவனைப் பண்டாரம் ஆக்கினார்! தவம் முடிந்ததும் அக்குடும்பங்கள் ஊர்களுக்குத் திரும்பின. இல்லறத்தை விட்டுச் செய்வது தவமாகாது என்னும் கருத்து, அரிகோபாலன் சீடர் 1841இல் எழுதிய அகிலத்திரட்டு அம்மானையில் காணப்படுகிறது. அந்நூல் அச்சேறியது 1939இல்தான்.

அவர் ஏன் துறவை வற்புறுத்தவில்லை? எனக்குத் தோன்றும் விடை இது. துறப்பதற்கு முதலில் ஏதேனும் உடைமையாக இருத்தல் வேண்டும். சித்தார்த்தர் அரண்மனையைத் துறந்தார். அவருக்கு அரண்மனை இருந்தது. மனைவியின் தோளுக்கு ஒரு துணி, மகனுக்கு விரும்பிய பெயர், தலைக்கு ஒரு பாகை ஆகியவற்றைக்கூட மறுக்கப்பெற்றவனிடம் போய் "வீட்டைத் துற" என்பது உபதேசமாகாது. அது ஏற்கெனவே அவனுக்கு விதிக்கப்பட்ட தண்டனை. அவனுக்கு மானத்தோடு குடும்பம் நடத்துவதே பெருந்தவம். ஆகவேதான் ஐயாவழி ஆடவர் இன்றும் தலைப்பாகை கட்டி வழிபடுகின்றனர். பதிகளின் கருவறையில் கண்ணாடி இருக்கிறது. முன் நிற்பவன் தன்னையே காண்கிறான். எல்லாரும் நீர் முகந்த சாமித்தோப்புக் கிணறு இன்றும் உள்ளது. எங்கள் வீட்டில் எனக்கு முன் எவரும் கல்லூரி வாயிலை மிதித்ததில்லை; ஆதலால் இப்பகுதியை எழுதும்போது என் எழுதுகோல் சற்று விரைந்திருந்தால் ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க.

நானக் அவர்களையும் வைகுண்டரையும் ஒரே தராசில் நிறுத்துவது என் நோக்கமன்று. நாடு வேறு, காலம் வேறு. இருவரிடையே தொடர்பும் கிடையாது. ஆயினும் பந்தியும் கிணறும், உழுத கையும் பனையேறிய கையும் நினைவைத் தொடத்தான் செய்கின்றன. இருவர் நெறியிலும் தலைமை பிற்காலத்தில் குடும்பக் கிளைக்குள் சென்றதும் ஒற்றுமையே. நான்காம் குருவுக்குப் பின் குருபீடம் அவர் வழியினரிடமே நின்றது. 1851இல் வைகுண்டர் மறைந்த பிறகு சாமித்தோப்பு நிர்வாகமும் ஒரு குடும்ப வழியில் வந்தது. இல்லறத்தைப் போற்றும் சமயத்திற்கு இது ஒரு சோதனை போலும். துறவியின் மடத்திற்குச் சொத்து எப்படியோ, இல்லறத்தானின் பீடத்திற்கு வாரிசு அப்படி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்துக் குருமார்களுள் பெண் ஒருவரும் இல்லை. வைகுண்டரின் சீடர் ஐவரும் ஆடவரே. சுலக்கனி அம்மையார், கணவர் பயணம் சென்றிருந்த ஆண்டுகளில் இரு பிள்ளைகளோடு எவ்வாறு நாட்களைக் கழித்தார் என்று விரித்துரைக்கும் நூல் எதுவும் என் கண்ணில் படவில்லை. அடுத்த ஆண்டு மலரில் நம் கல்லூரி மாணவியருள் ஒருவர் அந்தப் பக்கத்திலிருந்து எழுத முன்வந்தால் நன்று. இவ்வாறு ஒரு கட்டுரை வரப்போகிறது என்று பெரியம்மாவிடம் நான் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.