பனிக்காலத்தில் கை கொடுக்கும் எந்திரம்
கவனம் தவறினால் உயிரைக் குடிக்கும்!

2021-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். அமெரிக்காவில் உள்ள டெக்சாஸ் மாநிலத்தைப் பனிப்புயல் தாக்கியது. மின்சார நிலையங்கள் பல, குளிரில் உறைந்து நின்றுவிட்டன. சுமார் 45 லட்சம் வீடுகளிலும் கடைகளிலும் மின்சாரம் போய்விட்டது.

அங்கே பல வீடுகளில் கணப்பு எரிவதும் மின்சாரத்தால்தான். வீட்டுக்குள்ளேயே ஜனங்கள் விறைத்துப் போனார்கள்.

அந்தப் புயலில் 246 பேர் இறந்தார்கள் என்பது அரசாங்கக் கணக்கு. அவர்களில் 161 பேரைக் கொன்றது குளிர். 19 பேரைக் கொன்றது நச்சு வாயு!

அது எங்கிருந்து வந்தது?

நாற்றம் இல்லாத நஞ்சு

பெட்ரோலோ கரியோ எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகிறது. அதற்கு நிறம் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம், வாந்தி வரும். தூங்குகிறவர் தூக்கத்திலேயே இறந்துவிடுவார்.

வீட்டுக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டரின் புகையிலும் இந்த வாயு உண்டு. ஆகையால் அதை வீட்டுக்குள் ஓட்டக் கூடாது. கார் கொட்டகையிலும் கூடாது. கதவைத் திறந்து வைத்தாலும் ஆபத்துதான். வீட்டில் இருந்து 20 அடி தள்டி, புகை வெளிப்பக்கம் போகும்படி வைக்க வேண்டும். நச்சு வாயு வந்தால் மணி அடிக்கும் கருவியும் கடைகளில் கிடைக்கிறது. படுக்கை அறை அருகே ஒன்று இருப்பது நல்லது.

சும்மா கிடந்தால் கெடும்

ஆண்டு முழுவதும் மூலையில் கிடக்கும் எந்திரம், புயல் அன்று கிளம்பாது. காரணம், பழைய பெட்ரோல். சில மாதங்களில் அது பிசின் போல் ஆகி, கார்புரேட்டரை அடைத்துவிடும்.

மாதம் ஒரு முறை கால் மணி நேரம் ஓட்டுங்கள். நாலைந்து விளக்குகளையும் எரிய விடுங்கள். நெடுநாள் ஓட்டப் போவதில்லை என்றால் பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

எஞ்சின் ஆயிலை 50 முதல் 100 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். இரவு பகலாக ஓடினால் 4 நாளில் 96 மணி நேரம் ஆகிவிடும்! குளிரில் ஆயில் கெட்டியாகும். குளிர் காலத்துக்கு எந்த ஆயில் என்பது எந்திரத்துடன் வரும் புத்தகத்தில் இருக்கும்.

பெட்ரோல் ஊற்றும் முன் எந்திரத்தை நிறுத்துங்கள். சூடு ஆறட்டும். சூடான எஞ்சினில் பெட்ரோல் சிந்தினால் தீப்பிடிக்கும்.

கம்பத்தில் ஒருவர்

ஜெனரேட்டர் வயரைச் சுவர் பிளக்கில் செருகுகிறவர்கள் உண்டு. இது பெரிய ஆபத்து. மின்சாரம் தெருக் கம்பிக்குப் போகும். டிரான்ஸ்பார்மர் அதைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தும். கம்பி பழுது பார்க்க ஏறியவர் கருகிவிடுவார். அவருக்கும் மனைவி மக்கள் உண்டு அல்லவா? தெரு மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டரை இணைக்கும் தனி சுவிட்ச் இருக்கிறது. எலெக்ட்ரீஷியனைக் கொண்டு அதைப் பொருத்த வேண்டும்.

பனிக்காலம் வருமுன்பே இவற்றைச் செய்துவிட வேண்டும். புயல் வந்த பிறகு கடையும் திறக்காது, மெக்கானிக்கும் வரமாட்டார்.