பழைய காரில் துருவின் மேல் பெயிண்ட் அடித்தால் ஏன் நிற்பதில்லை?

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் தயாரான எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார். கதவுக்குக் கீழே ஒரு சின்னக் கொப்புளம். சுரண்டிவிட்டுப் பெயிண்ட் அடித்தால் போதாதா என்கிறீர்களா?

சொத்தைப் பல்லை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே ஒரு கரும்புள்ளி, உள்ளே பெரிய குழி. குடைந்தெடுக்காமல் அடைத்தால் என்ன ஆகும்?

இரும்போடு நீரும் ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு. அது இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால்தான் பெயிண்ட் உப்புகிறது. நுண்துளைகளில் ஈரத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். பனிக்காலத்தில் அந்நாட்டுச் சாலைகளில் தூவும் உப்பு அரிப்பை இன்னும் வேகப்படுத்தும்.

இந்தக் காருக்குத் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. கதவடியில் ஓடும் பெட்டி போன்ற தகடுகள்தான் எடையைத் தாங்குகின்றன. ஆகவே அவற்றில் துருப்பிடித்த பகுதியை வெட்டியெடுக்குமுன் கதவு வாசலில் கம்பி வெல்டு செய்து முட்டுக்கொடுக்க வேண்டும். மறந்தால், கூரையில்லாத கார் நடுவில் தொய்ந்து கதவே மூடாது!

பிறகு நல்ல இரும்பு பளிச்சிடும்வரை வெட்டி, புதுத் தகட்டைப் பற்றவைத்து, உள்பொந்தில் மெழுகு தெளிப்பார்கள்.

பட்டி பூசி மறைத்து விற்பவர்களும் உண்டு. வாங்கும்போது காந்தம் வைத்துப் பாருங்கள். பட்டி தடிமனாக இருந்தால் ஒட்டாது.