வரைபடத்தில் விழாத காடு

மேட்டுப்பாளையம் என்றதும் பலருக்கு நீலகிரி அடிவாரம்தான் ஞாபகம் வரும். நான் சொல்வது புதுச்சேரி மேட்டுப்பாளையம்: தொழிற்பேட்டை, லாரிகள், புழுதி. இதே நகரின் கடற்கரையோரம், செயிண்ட் லூயி வீதியில், 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 1960களிலிருந்து 1:10,00,000 அளவில் தாவர வரைபடங்களையும், 1982 முதல் 1:2,50,000 அளவில் மேற்குத்தொடர்ச்சிமலைக் காட்டு வரைபடங்களையும் வெளியிட்ட நிறுவனம்.

இவற்றைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. வருவாய்த்துறை 'தரிசு' என்றெழுதிவிட்டு நகரும் புதரைப் பார்த்து, இது எந்த முதிர்காட்டின் சிதைவு, விட்டுவைத்தால் எதுவாகத் திரும்பும் என்று கேட்கும் முறை இது. ஆனால் அளவையும் ஓர் அதிகாரந்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து லட்சத்தில் ஒன்று என்றால், தாளில் ஒரு மில்லிமீட்டர், தரையில் ஒரு கிலோமீட்டர். பத்து ஹெக்டேர்க் காடு மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்குதான். பென்சில் கோடே அதை மூடிவிடும்.

நம் கடற்கரைப் பழங்காடுகள் பெரும்பாலும் இப்படித் துண்டுகளாகவே மிஞ்சியிருக்கின்றன. உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். மழையில் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டிவிடும், பிறகு மாதக்கணக்கில் வறட்சி. இருந்தும் இலையுதிர்க்காத வீரை, காசா, உலக்கைப்பாலை. மரக்காணம் போகும் வழியில் புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சுற்றியிருப்பது இப்படியொன்று. இம்மாதிரிக் கோயில்காடுகளை யார் காப்பாத்தினது? 'சுள்ளி ஒடிச்சா சாமி குத்தம்' என்கிற பயம். இதைச் சிலாகித்துவிட்டுப் போய்விட முடியாது. குத்தம் யாருக்கு என்பதில் சாதி இருக்கிறது, பெண்களுக்கான விலக்கு இருக்கிறது. இன்று அதே பக்தி, வண்டி நிறுத்தவும் சிமெண்ட் மண்டபம் கட்டவும் அடிக்காட்டை வழிக்கிறது. நாற்றுகள் இருப்பது அந்த அடிக்காட்டில்தான். செயற்கைக்கோள் படத்தில் மேலே பச்சை தெரியும். கீழே வாரிசு இருக்காது.

சட்டமும் 'எது காடு' என்பதிலேயே தடுமாறுகிறது. 1996இல் கோதவர்மன் வழக்கில், உடைமை யாருடையதானாலும் அகராதிப் பொருளில் காடென்றால் காடுதான் என்றது உச்சநீதிமன்றம். 2023 சட்டத்திருத்தம் அதை அறிவிக்கை செய்யப்பட்ட, அரசுப் பதிவேட்டில் ஏறிய நிலமாகச் சுருக்கியது (எழுதப்படாதது காடில்லை என்று அர்த்தம்). 2024 பிப்ரவரியில் இடைக்கால உத்தரவாகப் பழைய பொருளையே பின்பற்றச் சொன்னது நீதிமன்றம். அதே ஆண்டு டிசம்பரில் ராஜஸ்தான் கோயில்காடுகளைப் பற்றிய தீர்ப்பில், பரப்பு எவ்வளவானாலும் ஒவ்வொன்றையும் தரையிலும் செயற்கைக்கோள் வழியாகவும் வரையச் சொன்னது.

ராஜஸ்தானுக்குச் சொன்னதை இங்கே நாமே ஏன் தொடங்கக்கூடாது? நாலு பேர், ஒரு நாடா, கிராம வரைபடத்தின் நகல் போதும். எல்லைக்கோட்டோடு நிறுத்தாமல், எந்த மரத்தடியில் எத்தனை நாற்று, யாரை உள்ளே விடுவதில்லை என்பதையும் அதிலேயே குறிக்கணும்.